அர்பானா-ஷாம்பெய்னில் ஆறு ஆண்டுகள்: படிக்கப் போகிறவருக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான்: "இந்த ஆகஸ்டில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். சேரப் போகிறேன். யூடியூபில் ஒருவர் சொர்க்கம் என்கிறார், இன்னொருவர் வந்துவிடாதே என்கிறார். உண்மையில் அங்கே வாழ்க்கை எப்படி? தனியாக எப்படிச் சமாளிப்பாய் என்று அம்மா பயப்படுகிறார். குக்கர் எடுத்துப் போகலாமா என்றும் கேட்கச் சொன்னார்."

அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் அர்பானா-ஷாம்பெய்ன் என்ற இரட்டை ஊருக்கு நான் போனது 2018 ஆகஸ்டில். ஊர் கோபிசெட்டிபாளையம், படித்தது சிவில் இன்ஜினியரிங். எம்.எஸ். முடித்து அங்கேயே பிஎச்.டி.யும் முடித்து 2024-ல் வெளியே வந்தேன். நடுவில் ஒவ்வோர் ஆகஸ்டும் புதிதாக வரும் பிள்ளைகளைப் பஸ் நிறுத்தத்திலிருந்து கூட்டிவந்து, வீடு கிடைக்கும்வரை எங்கள் ஹாலில் படுக்க வைத்து அனுப்புவது வழக்கம். அதனால் நான் சொல்வதில் என் அனுபவம் பாதி, அவர்களுடையது பாதி.

மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்: அங்கே கேட்டால்தான் கிடைக்கும். நம் ஊரில் நாம் வாயைத் திறக்காவிட்டாலும் முகத்தைப் பார்த்தே யாராவது "என்னம்மா ஆச்சு" என்று கேட்டுவிடுவார்கள். அங்கே அப்படிக் கேட்க மாட்டார்கள். அக்கறை இல்லாமல் இல்லை, பிறர் விஷயத்தில் தலையிடக்கூடாது என்பது அவர்கள் பழகிய மரியாதை. நாம் போய்க் கேட்டால் ஆச்சரியப்படும் அளவுக்கு உதவுவார்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது அந்த ஊருக்கு அப்படியே பொருந்தும். நம் பிள்ளைகள் அங்கே படும் கஷ்டத்தில் பாதிக்கு மேல், கேட்கக் கூச்சப்பட்டதால் வந்தது என்பது நான் ஆறு ஆண்டுகள் கண்ணால் பார்த்த விஷயம்.

சிகாகோவில் இறங்கி மூன்று மணி நேரம் பஸ்ஸில் தெற்கே போக வேண்டும். வழி நெடுகச் சமவெளி, இரண்டு பக்கமும் மக்காச்சோளமும் சோயாவும்தான். அமெரிக்கா என்றால் உயர்ந்த கட்டடங்கள் என்று நினைத்துப் போனவளுக்கு முதலில் கண்ணில் பட்டது காடுதான், விதைத்த காடு. பல்கலைக்கழகத்தின் நடுவிலேயே மாரோ பிளாட்ஸ் என்று ஒரு சிறு வயல் உண்டு. 1876-லிருந்து அதே இடத்தில் பயிர் ஆராய்ச்சி நடக்கிறது. பக்கத்தில் நூலகம் கட்டியபோது அதன் நிழல் சோளத்தின் மேல் விழக்கூடாது என்றுதான் பூமிக்கடியில் கட்டினார்கள் என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். விவசாயக் குடும்பத்துப் பெண்ணான எனக்கு இந்தக் கதையைக் கேட்டதும் ஊர் பிடித்துப்போய்விட்டது.

முதல் வாரம் பயமுறுத்துவது அமைதி. மதியம் மூன்று மணிக்குத் தெருவில் ஆள் இருக்காது, ஹாரன் சத்தம் கிடையாது. அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஊர் முழுக்கச் சங்கு ஊதும். நான் பதறிப்போய் மாடியிலிருந்து ஓடி இறங்கினேன். அது சூறாவளி எச்சரிக்கைச் சங்கைச் சோதித்துப் பார்ப்பது, இல்லினாயில் மாதத்தின் முதல் செவ்வாய் பத்து மணிக்கு ஊதுவார்கள். வேறு நேரத்தில் ஊதினால் மட்டும் அடித்தளத்துக்குப் போய்விடுங்கள்.

படிப்புக்கு வருகிறேன். நம் ஊரில் செமஸ்டர் கடைசியில் ஒரு மாதம் விழுந்து விழுந்து படித்துத் தேறிவிடலாம். அங்கே முதல் நாளே சிலபஸ் என்று ஒரு தாள் தருவார்கள், எந்த வாரம் எந்த வீட்டுப்பாடம், எதற்கு எத்தனை சதவீதம் என்று எல்லாம் அதில் இருக்கும். முதல் வாரத்திலிருந்தே ஓட வேண்டும். முதல் செமஸ்டரில் நான்கு கோர்ஸ் எடுத்தால்தான் கெட்டி என்று சீனியர் யாராவது சொன்னால் கேட்காதீர்கள், மூன்று போதுமா என்று உங்கள் ஆலோசகரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

என் முதல் வீட்டுப்பாடத்தில் நூற்றுக்கு நாற்பத்தாறு வந்தது. பள்ளியிலிருந்து முதல் மாணவியாகவே இருந்து பழகியவளுக்கு அது தாங்கவில்லை, இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அங்கே ஒவ்வொரு பேராசிரியருக்கும் ஆபீஸ் அவர்ஸ் உண்டு, வாரத்தில் குறிப்பிட்ட நேரம் அறைக் கதவு திறந்திருக்கும், யார் வேண்டுமானாலும் போய்ச் சந்தேகம் கேட்கலாம். நான் அந்த அறை வாசலில் பையைக் கட்டிக்கொண்டு அரைமணி நேரம் நின்றேன், உள்ளே போகவில்லை. எனக்கு முன்னால் இரண்டு அமெரிக்கப் பையன்கள் சாதாரணமாக உள்ளே போய் உட்கார்ந்து, "எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை" என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஒன்றுமே தெரியாது என்று வாத்தியாரிடமே சொல்கிறானே என்று. அவரோ கோபப்படாமல் சாக்பீஸை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மறுவாரம் நானும் போனேன். "இதுவரை என்ன முயன்று பார்த்தாய்?" என்றுதான் முதலில் கேட்டார். தாளைக் காட்டினேன், ஒரு நிமிடம் பார்த்துவிட்டு ஒரே இடத்தில் விரலை வைத்தார். புவியீர்ப்புக்கு 9.81 போட்டிருந்தேன், கணக்கில் நீளமெல்லாம் அடியில் இருந்தது. அடிக்கு 32.2 போட வேண்டும். அமெரிக்காவில் சிவில் படிப்பவர்களுக்கு இன்னமும் அடி, பவுண்டு, ஸ்லக் என்ற நிறை அலகு எல்லாம் புழக்கத்தில் உண்டு, நமக்கு அது பழக்கமே இல்லை. முறை எல்லாம் சரி, ஒவ்வொரு கணக்கிலும் அலகில் கோட்டை விட்டிருக்கிறேன். அதைத் தெரிந்துகொள்ள இரண்டு நாள் அழுதிருக்கத் தேவையில்லை, பத்து நிமிடம் போயிருந்தால் போதும். அந்த அறைக்கு அதன்பின் ஒரு வாரம்கூட நான் போகாமல் இருந்ததில்லை. கடைசியில் அவர்தான் எனக்குப் பிஎச்.டி. இடமும் தந்தார்.

மின்னஞ்சலில் ரெஸ்பெக்டட் சார் என்று தொடங்காதீர்கள், டியர் புரொபசர் என்று போட்டுக் குடும்பப் பெயரை எழுதினால் சரி. பெயரைச் சொல்லியே கூப்பிடு என்று அவரே சொன்னால் கூப்பிடலாம். எனக்கு வாயில் வர ஒரு வருடம் ஆனது.

ஒரு விஷயத்தில் மட்டும் மிகவும் கண்டிப்பாகச் சொல்கிறேன். நம் கல்லூரிகளில் அசைன்மென்டை ஒருவர் எழுத நாலு பேர் பார்த்து எழுதுவது நட்பில் சேர்த்தி. அங்கே அது குற்றம், கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் தண்டனை உண்டு. வேறொரு பல்கலைக்கழகத்தில் படித்த என் கல்லூரித் தோழன் ரூம்மேட்டுக்குத் தன் புரோகிராம் கோப்பை அனுப்பினான், "சும்மா பார்க்கத்தான் கேட்டான்" என்றான். இருவருக்கும் அந்தக் கோர்ஸில் எஃப், அதாவது ஃபெயில். ஜி.பி.ஏ. என்ற சராசரி மதிப்பெண் விழுந்து, புரொபேஷன் என்ற எச்சரிக்கைப் பட்டியலில் வைத்து, படிப்பு போய்விடுமோ என்று ஆறு மாதம் தூங்காமல் கிடந்தான். படிப்பு போனால் ஐ-20, அதாவது விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சான்று, போகும், ஐ-20 போனால் அந்த நாட்டில் இருக்கும் உரிமையே போய்விடும். சேர்ந்து உட்கார்ந்து பேசலாமா, ஏஐ பயன்படுத்தலாமா என்பதெல்லாம் கோர்ஸுக்குக் கோர்ஸ் மாறும். சிலபஸில் இல்லையென்றால் கேட்டுவிடுங்கள்.

பணம். நான் போனபோது டாலர் 70 ரூபாய் சுற்றி இருந்தது, இப்போது 85-ஐத் தாண்டிவிட்டது. கடன் வாங்கிப் போகிறவர்கள் இதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் செமஸ்டர் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். சாப்பாட்டுக்கூடம், நூலகம், ஜிம் எல்லா இடத்திலும் மாணவர்கள்தான் வேலை செய்வார்கள். நான் முதல் செமஸ்டர் தட்டு கழுவும் இயந்திரத்தின் பக்கம் நின்றேன், சூடான தட்டை வரிசையாக எடுத்து அடுக்க வேண்டும், குளிர்காலத்தில் அந்த நீராவி இதமாகவே இருந்தது. இல்லினாயில் 2025 ஜனவரி முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15 டாலர். 20 மணி நேரம் செய்தால் வாரம் 300, அதில் வாடகையும் சாப்பாடும் ஓரளவு ஓடும், படிப்புக் கட்டணம் கட்ட முடியாது. ஊருக்குள் கடையிலோ பெட்ரோல் பங்க்கிலோ கையில் ரொக்கமாகத் தருகிறேன் என்று யாராவது கூப்பிட்டால் போகவே போகாதீர்கள், பிடிபட்டால் எல்லாம் முடிந்தது.

கட்டணத்தைக் குறைக்க வழி டிஏ (பாடம் நடத்த உதவுவது), ஆர்ஏ (ஆராய்ச்சிக்கு உதவுவது) போன்ற அசிஸ்டென்ட்ஷிப்தான். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 25 சதவீத நியமனம், அதாவது வாரம் பத்து மணி நேர வேலை கிடைத்தாலே டியூஷன் தள்ளுபடி உண்டு, கூடவே மாதச் சம்பளமும். ஆனால் சில புரொஃபஷனல் மாஸ்டர்ஸ் படிப்புகளுக்கு இந்தத் தள்ளுபடி செல்லாது, ஆஃபர் லெட்டரில் பாருங்கள், புரியவில்லை என்றால் கிளம்பும் முன்பே துறைக்கு எழுதிக் கேளுங்கள். நான் பத்தொன்பது பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு பேர் பதில் போட்டார்கள். அதில் ஒருவர் கொடுத்த கிரேடர் வேலைதான், அதாவது வீட்டுப்பாடம் திருத்தும் வேலைதான், என்னைத் தட்டு அடுக்குவதிலிருந்து எடுத்தது. பதில் போடாத பதினேழு பேர் என்னைத் தப்பாக நினைக்கவில்லை, அவர்களிடம் இடம் இல்லை, அவ்வளவுதான்.

வரி பற்றி யாரும் சொல்வதில்லை என்பதால் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு டாலர்கூடச் சம்பாதிக்காவிட்டாலும் 8843 என்ற படிவத்தை வரித்துறைக்கு அனுப்ப வேண்டும். சம்பாதித்தால் 1040-என்ஆர் என்ற படிவமும். எஃப்-1 மாணவர்களுக்கு முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்கு சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவம்) பிடித்தம் கிடையாது. சம்பளச் சீட்டில் பிடித்திருந்தால் திருப்பிக் கேளுங்கள். இந்தியர்களுக்கு மட்டும் இன்னொரு சலுகை உண்டு, இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆவது பிரிவுப்படி, வரி போடும் முன் வருமானத்தில் ஒரு நிலையான தொகையைக் கழிக்கும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுக்கலாம், மற்ற பெரும்பாலான நாட்டு மாணவர்களுக்கு இது இல்லை. என் பக்கத்து மேசைச் சீனத் தோழி என்னைவிட அதிக வரி கட்டியபோதுதான் இதன் மதிப்பு எனக்குத் தெரிந்தது.

உடம்புக்கு வந்தால் எங்கே போவது என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் காய்ச்சலுக்கு வளாகத்து மெக்கின்லி ஹெல்த் சென்டர் போதும், கட்டணத்தோடு அதற்கும் சேர்த்தே வாங்கியிருப்பார்கள். இரவு வயிற்றுவலி வந்து என் ரூம்மேட்டை ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போனோம். நான்கு மணி நேரம், ஒரு ஸ்கேன், இரண்டு மாத்திரை. ஆறு வாரம் கழித்து, இன்சூரன்ஸ் கொடுத்தது போக 2,300 டாலர் என்று கடிதம் வந்தது. அவள் நகையை விற்கச் சொல்லி வீட்டுக்குப் பேசப் போனாள். நான் தடுத்தேன். முதலில் எதற்கு எவ்வளவு என்று பிரித்துப் போட்ட பில் கேட்டோம், அதில் செய்யாத ஒரு பரிசோதனைக்கும் பணம் போட்டிருந்தார்கள். அப்புறம் நிதியுதவிப் படிவம் கேட்டோம். லாபநோக்கற்ற மருத்துவமனைகள் வருமானம் குறைந்தவர்களுக்கு உதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம், ஆனால் அவர்களாகக் கூப்பிட்டுத் தரவில்லை. மாணவி, சம்பளம் இவ்வளவு என்று காட்டி எழுதினோம். கடைசியில் 400-க்குக் குறைவாகத்தான் கட்டினாள்.

வீடு பிடிப்பதில் ஒன்று மட்டும். நான்கு பேர் சேர்ந்து ஒரே லீஸில் கையெழுத்துப் போட்டால், ஒருவர் விட்டுப் போனாலும் முழு வாடகைக்கும் மீதிப் பேர் பொறுப்பு. ஆளுக்குத் தனி லீஸ் தருவார்களா என்று கேளுங்கள். குடி போகும் நாளே சுவர், கார்ப்பெட், அடுப்பு எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வைத்தால்தான் கிளம்பும்போது அட்வான்ஸ் திரும்ப வரும். எங்களுக்கு முன்பிருந்தவர் போட்ட ஓட்டைக்கு எங்களிடம் பணம் பிடித்தார்கள், காட்ட எங்களிடம் படம் இல்லை. கார் உடனே தேவையில்லை, மாணவர் அட்டையைக் காட்டினால் ஊர்ப் பஸ் இலவசம்.

இனி அம்மாவின் பயம். மறைக்க விரும்பவில்லை, தனிமை இருக்கும். ஆகஸ்டில் தெரியாது, நவம்பரில் தெரியும். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளுவார்கள், பத்தரை மணி நேர வித்தியாசம் பதினொன்றரை ஆகிவிடும், நான் இரவு ஒன்பதுக்குக் கூப்பிட்டால் அம்மா இட்லி இறக்கிக்கொண்டிருந்த நேரம் மாறி, பாத்திரம் கழுவும் நேரம் ஆகிவிடும். டிசம்பரில் நாலரைக்கெல்லாம் இருட்டு. நவம்பர் கடைசியில் வரும் நன்றி நவிலல் (தேங்க்ஸ்கிவிங்) விடுமுறை வாரத்தில் ஊரே காலி, பாதிப் பஸ் ஓடாது, அரிசி பருப்பை முன்பே வாங்கி வையுங்கள். 2019 ஜனவரி 30 அன்று சிகாகோவில் மைனஸ் 23 ஃபாரன்ஹீட், நம் கணக்கில் மைனஸ் 31. எங்களுக்கும் வகுப்பு ரத்து. ஜன்னல் உள்பக்கம் பனி பூத்திருந்ததை விரலால் சுரண்டிப் பார்த்தேன். குளிர்கோட்டைச் சென்னையில் வாங்காதீர்கள், அங்கே போய் வாங்குங்கள், சீனியர்கள் விட்டுப்போனதே கிடைக்கும்.

அங்கே எதிரில் வருகிறவர் "ஹவ் ஆர் யூ" என்று சிரித்துக்கொண்டே கடந்து போவார், நம் ஊரில் "என்ன, சாப்பிட்டாச்சா" என்று கேட்டுவிட்டுப் போவது போல. அதை நட்பு என்றும் நினைக்க வேண்டாம், பொய் என்றும் நினைக்க வேண்டாம். நட்பு வேறு வழியில் வரும், ஒரே காரியத்தை வாராவாரம் சேர்ந்து செய்தால் வரும். வகுப்பு தொடங்கும் முன் குவாட் டே என்று ஒரு நாள் நடக்கும், நூற்றுக்கணக்கான மாணவர் மன்றங்கள் புல்வெளியில் மேசை போட்டு ஆள் சேர்ப்பார்கள். நம்மவர்கள் பலர் போவதில்லை. இந்தியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், 2023-24-ல் அமெரிக்கா முழுக்க 3,31,602 பேர், சீனாவை முந்திவிட்டோம். அதனால் ஒரு ஆங்கில வார்த்தை பேசாமலே இரண்டு வருடம் ஓட்டிவிடலாம், ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், வேலை நேர்காணலில் திணறினார்கள். தமிழ் நண்பர்கள் வேண்டும், கண்டிப்பாக வேண்டும், அவர்களோடு இன்னொரு வட்டமும் வேண்டும்.

2020-ஐச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. மார்ச் கடைசியில் இந்தியா சர்வதேச விமானங்களை நிறுத்தியது. ஜூனில் என் அம்மாயி, அம்மாவின் அம்மா, போய்விட்டார். என்னை வளர்த்தவர் அவர்தான். இரவு ஒரு மணிக்கு, சித்தப்பா பையன் பிடித்திருந்த செல்போனில், ஆடி ஆடி வந்த படத்தில், வாசலில் கிடத்தியிருந்ததைப் பார்த்தேன். யாரோ மறைத்தார்கள், அப்புறம் சிக்னல் போய்விட்டது. அடுத்த மாதம் 6-ஆம் தேதி, வகுப்பு முழுக்க ஆன்லைனில் நடந்தால் வெளிநாட்டு மாணவர்கள் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று அரசு அறிவித்தது. ஹார்வர்டும் எம்ஐடியும் வழக்குப் போட, 14-ஆம் தேதி திரும்பப் பெற்றார்கள். அந்த எட்டு நாள் நான் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகுதான் கவுன்சலிங் சென்டருக்குப் போனேன். நாமாகத்தான் கூப்பிட்டு நேரம் வாங்க வேண்டும். பேசுவது ரகசியமாக இருக்கும், பேராசிரியருக்கோ வீட்டுக்கோ போகாது. (மதிப்பெண்ணே அப்படித்தான், 1974-லிருந்து உள்ள சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் அப்பாவுக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள்.) அங்கே போவதைப் பைத்தியம் என்று நினைக்கிற பழக்கத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

சட்டம் இப்போது இன்னும் இறுக்கம். 2025 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான மாணவர்களின் செவிஸ் பதிவை, அதாவது வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவை, ரத்து செய்தார்கள், சிலருக்குச் சின்ன டிராஃபிக் வழக்குகூடக் காரணமாக இருந்தது, நீதிமன்றத்துக்குப் போன பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். குடித்துவிட்டு ஓட்டுவது, கடையில் சுய-கவுன்டரில் ஒரு பொருளை ஸ்கேன் செய்யாமல் எடுத்து வருவது, இரண்டும் விசாவையே காவு வாங்கும். படிப்பு முடிந்தால் மாணவர் விசாவிலேயே வேலை செய்ய 12 மாத ஓபிடி அனுமதி, ஸ்டெம் எனப்படும் அறிவியல், தொழில்நுட்ப, பொறியியல், கணிதப் படிப்புக்கு மேலும் 24 மாதம். ஆனால் முதல் ஓபிடியில் வேலையில்லாமல் 90 நாளுக்கு மேல் இருக்க முடியாது, அதனால் வேலை தேடுவதை முதல் செமஸ்டரில், நிறுவனங்கள் ஆள் எடுக்க வரும் கேரியர் ஃபேரிலேயே தொடங்குங்கள். எச்-1பி என்ற வேலை விசா ஆண்டுக்கு 85,000 இடம்தான், தேர்வு முறையும் கட்டணமும் அண்மையில் மாறிக்கொண்டே இருக்கின்றன. கடன் கணக்கை அதை நம்பிப் போடாதீர்கள். விசா விஷயத்தில் வாட்ஸ்அப் குழு சொல்வதை நம்ப வேண்டாம், வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள், குக்கர் தாராளமாக எடுத்துப் போகலாம். மூன்று லிட்டர் போதும், பெட்டியில் போடுங்கள், கைப்பையில் வேண்டாம். அங்கே பெரும்பாலும் மின்சார அடுப்பு, அதனால் அடி தட்டையாக இருக்கட்டும், கேஸ்கட் இரண்டு கூடுதலாக வையுங்கள். பொடி வகைகள் சரி, சாப்பாட்டுப் பொருள் எது இருந்தாலும் சுங்கத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலை மட்டும் கூடாது, எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் பூச்சி அதோடு வரும் என்று பிடுங்கிவிடுவார்கள். அதற்கும் வழி இருக்கிறது. அர்பானாவில் ஒரு அக்கா பன்னிரண்டு வருடமாகத் தொட்டியில் கறிவேப்பிலைச் செடி வளர்க்கிறார், குளிர் வந்தால் வீட்டுக்குள் தெற்கு ஜன்னலோரம் தூக்கி வைத்துவிடுவார். போனதும் எனக்கு எழுதுங்கள், அவரிடம் சொல்லி வைக்கிறேன். கதவைத் தட்டிக் கேட்டால் ஒரு கொத்து ஒடித்துத் தருவார், காபியும் போடுவார்.